தானுந்துக் காற்றுவாய்க் கட்டுப்பாடு

தானுந்துக் காற்றுவாய்க் கட்டுப்பாடு என்பது, தானுந்தின் உள்ளறைக்கு வரும் காற்றை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு சூடாக்குவது அல்லது குளிர்விப்பது, எந்த வாய் வழியாக எவ்வளவு வேகத்தில் வெளிவிடுவது என்பவற்றை ஓட்டுநர் தீர்மானிப்பதற்கு உதவும் பொறியமைப்பு ஆகும். டாஷ்போர்டில் காணப்படும் குமிழ்கள், நெம்புகள், பொத்தான்கள் ஆகியன இதன் வெளித்தெரியும் பகுதிகள். அவற்றின் பின்னால் கேபிள், வெற்றிடக் குழாய், சிறு மின்னோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்து, நெகிழிப் பெட்டி ஒன்றினுள் அமைந்த மடல்களைத் திருப்புகின்றது.

பேச்சு வழக்கில் இவை யாவும் சேர்ந்து "ஏசி" என்றே சொல்லப்படுகின்றன. எனினும் காற்றைக் குளிர்விக்கும் குளிர்பதன அமைப்பு வேறு. அக்காற்றைக் கலந்து திசைதிருப்பி அனுப்பும் இவ்வமைப்பு வேறு. "ஏசி குளிரவில்லை" என்று கருதப்படும் வண்டிகளுள் சிலவற்றில் குளிர்பதன வாயுவும் அமுக்கியும் நல்ல நிலையில் இருக்க, மடல் ஒன்று மட்டும் திரும்பாமல் நின்றிருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் வாயு நிரப்புவது வீண் செலவாகும். காற்றுவாய்க் கட்டுப்பாட்டில் ஏற்படும் பழுதுகளில் கணிசமானவை மலிவான சிறு உறுப்பொன்றின் தேய்வினாலோ முறிவினாலோ வருபவை. அவ்வுறுப்பு டாஷ்போர்டின் உட்புறத்தில் மறைந்திருப்பதால், அதன் விலையைவிட அதனைச் சென்றடையும் கூலியே மிகுதியாக இருக்கும். வீட்டிலேயே இதனைச் சரிசெய்யப் பலர் முற்படுவதற்கு இதுவே காரணம்.

முன்கண்ணாடியும் பாதுகாப்பும்

இவ்வமைப்பு வசதிக்காக மட்டும் உள்ளது என்று எண்ணுவது தவறு. முன்கண்ணாடியில் படியும் நீராவிப் படலத்தையும் உறைபனியையும் நீக்குவது இதன் முதன்மையான பணி. ஐக்கிய அமெரிக்காவின் 103 ஆம் எண் வாகனப் பாதுகாப்புச் செந்தரமும், ஐரோப்பியச் சமூகத்தின் 1978 ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்றும் முன்கண்ணாடித் தெளிவிப்பைக் கட்டாயமாக்கின.

கண்ணாடியில் படலம் இரு வகையில் தோன்றும். மழையின்போது சன்னல்கள் அடைபட்டிருக்க, பயணிகளின் மூச்சிலும் ஈர உடைகளிலும் உள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிவது முதல் வகை. வெளிக்காற்றை உள்வாங்கி, குளிர்பதனத்தை இயக்கி, சற்றே சூடேற்றிக் கண்ணாடியை நோக்கி விட்டால் இது விரைவில் மறையும். குளிர்ந்த உலோகச் சுருளின்மீது செல்லும்போது காற்றிலுள்ள நீர் வடிந்துவிடுவதால், குளிர்பதனம் இங்கே காற்றை உலர்த்தும் கருவியாகப் பயன்படுகின்றது. குளிர்காலத்தில் ஏசியை எதற்குப் போடுவது என்று கேட்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

இரண்டாவது வகை சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க கடலோர ஊர்களில் காணப்படுவது. குளிர்ந்த காற்று முன்கண்ணாடியின் மீது தொடர்ந்து வீசினால் கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றிலுள்ள ஈரம் அதன் வெளிப்புறத்தில் படிகின்றது. உள்ளே துணியால் எவ்வளவு துடைத்தாலும் இப்படலம் போகாது. துடைப்பானை இயக்கி, காற்றின் திசையை மாற்றவோ அதன் வெப்பத்தைக் கூட்டவோ வேண்டும். திசை மடல் கண்ணாடிப் பக்கமாகவே சிக்கிக்கொண்ட வண்டியில் இது ஒவ்வொரு மழை இரவிலும் நிகழும்.

வரலாறு

தொடக்கக் காலத் தானுந்துகளில் காற்றுக் கட்டுப்பாடு என்பது சன்னலைத் திறப்பதும் மூடுவதுமே. பின்னர் முன்கண்ணாடியின் அடியில் நெம்பினால் திறக்கும் சிறு மூடியும், முன்கதவுகளில் சுழலும் முக்கோணக் கண்ணாடியும் வந்தன. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் தானுந்தின் முக்கோணக் கண்ணாடியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அதனைத் திருப்பிக் காற்றை முகத்திற்கு நேராக விட்டுக்கொள்வது, விசையோ கம்பியோ தேவைப்படாத ஒரு கட்டுப்பாடு.

வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி, வெளியழுத்தத்தைவிடச் சற்றே மிகுந்த அழுத்தத்துடன் உள்ளறைக்கு அனுப்பும் முறையை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938 இல் அறிமுகப்படுத்தியது. பாக்கார்டு நிறுவனம் தன் 1940 ஆம் ஆண்டு வகைகளில் தொழிற்சாலையிலேயே குளிர்பதனத்தைப் பொருத்தியது. அதன் குளிர்ச்சுருள் வண்டியின் பின்பகுதியில் இருந்தது. அமுக்கியை இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் கிளட்ச் அதில் இல்லாமையால், குளிர் வேண்டாம் என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாரைக் கழற்ற வேண்டியிருந்தது. சூடேற்றல், காற்றோட்டம், குளிர்பதனம் மூன்றையும் முன்புறத்தில் ஒரே அமைப்பாக இணைத்த பெருமை 1954 ஆம் ஆண்டு நாஷ் வண்டிகளுக்கு உரியது. விரும்பிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால் தானே பேணும் அமைப்பைக் காடிலாக் 1964 இல் வழங்கியது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் ஃபோர்டு கோர்ட்டினாவில் டாஷ்போர்டின் இரு ஓரங்களிலும் திருப்பக்கூடிய வட்டக் காற்றுவாய்களும், பின்தூண்களில் காற்று வெளியேறும் வழிகளும் அமைக்கப்பட்டன. காற்று உள்ளே வரவேண்டுமாயின் பழைய காற்று வெளியேற வழி வேண்டும் என்பது அவ்வடிவமைப்பில் தெளிவாக உணரப்பட்டிருந்தது. இன்றைய தானுந்துகளிலும் அவ்வழி உண்டு. பெரும்பாலும் பின்புற பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

காற்றின் வழி

வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலுள்ள சல்லடை வழியாக நுழைகின்றது. வண்டி ஓடும்போது அவ்விடத்தில் காற்றழுத்தம் மிகுந்திருப்பதால், விசிறியை நிறுத்திய நிலையிலும் ஓரளவு காற்று உள்ளே வரும். அடுத்து உள்ளது மறுசுழற்சி மடல். இது வெளிக்காற்றை அடைத்து, உள்ளறைக் காற்றையே மீண்டும் எடுக்கச் செய்யும். அதன்பின் மடிப்புத் தாள் வடிகட்டியும், பட்டறைகளில் ப்ளோவர் எனப்படும் ஊதுவிசிறியும் உள்ளன.

ஊதுவிசிறி தள்ளும் காற்று முதலில் குளிர்ச்சுருளைக் கடக்கின்றது. மெக்கானிக்குகள் இதனைக் கூலிங் காயில் என்பர். அதற்கு அப்பால் இயந்திரத்தின் கூலன்ட் ஓடும் சூடேற்றிச் சுருள் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையில் இருப்பது கலப்பு மடல். குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு சூடேற்றி வழியாகச் செல்லவேண்டும் என்பதை அது தீர்மானிக்கின்றது. வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது பெரும்பாலான வண்டிகளில் உண்மையில் திரும்புவது இம்மடலே. இயந்திரம் சூடேறியபின் கூலன்டின் வெப்பநிலை ஏறத்தாழ 90 பாகை செல்சியசு. ஆகவே கலப்பு மடல் ஒரு விரற்கடை அளவு திறந்து நின்றாலும் கோடையில் ஏசி தோற்றுவிடும். சில சிறிய தானுந்துகளில் கூலன்டை நிறுத்தும் வால்வு ஒன்றும் உண்டு. வெப்பப் பகுதிகளில் அவ்வால்வு சரியாக அடைபடாதபோது சூடேற்றியின் குழாய்களையே துண்டித்து இணைத்துவிடும் வழக்கம் உள்ளது. இது குளிரைத் தரும். ஆயின் மலைச்சாலையில் கண்ணாடியைத் தெளிவிக்கும் வெப்பத்தையும் அவ்வண்டி இழந்துவிடுகிறது.

இறுதியாக உள்ள திசை மடல்கள் காற்றை முகம், கால், முன்கண்ணாடி ஆகியவற்றுக்குப் பகிர்கின்றன.

மடல்களை இயக்கும் முறைகள்

கேபிள் முறை மிக எளியது. உறைக்குள் வழுக்கிச் செல்லும் எஃகுக் கம்பி குமிழையும் மடலையும் இணைக்கின்றது. மிதிவண்டித் தடையில் உள்ளதும் இதே வகை. 1896 இல் இதற்குக் காப்புரிமை பெற்ற எர்னஸ்ட் மானிங்டன் பௌடனின் பெயரால் பௌடன் கேபிள் எனப்படுகின்றது.

வெற்றிட முறை வட அமெரிக்கத் தானுந்துகளில் பல பத்தாண்டுகள் பரவலாக இருந்தது. பெட்ரோல் இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதன் உள்ளிழுப்புக் குழலில் 450 முதல் 550 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம் தோன்றும். அதனை மெல்லிய குழாய்களால் கொண்டுவந்து, ரப்பர்த் தகடு கொண்ட சிமிழ்களை இழுக்கச் செய்வர். இம்முறையில் பாராட்டத்தக்க ஒரு முன்யோசனை உள்ளது. வெற்றிடம் முற்றிலும் போய்விட்டால் வில்கள் மடல்களைக் கண்ணாடி நோக்கிய நிலைக்குத் தள்ளிவிடுமாறு பல வண்டிகளில் அமைத்திருந்தனர். அமைப்பு பழுதானாலும் ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

மூன்றாவதான மின்னோடி முறையே இன்று மிகுதி. ஆக்சுவேட்டர் எனப்படும் உள்ளங்கை அளவான பெட்டியில் 12 வோல்ட்டுச் சிறு மின்னோடியும் நெகிழிப் பற்சக்கரங்களும் உள்ளன. பல வகைகளில் மடல் எங்கு நிற்கின்றது என்பதைத் தெரிவிக்கும் மாறுமின்தடையும் உண்டு. வெற்றிட முறையில் இருந்த வில் இதில் பொதுவாக இல்லை. பழுதாகும் கணத்தில் மடல் எங்கு நின்றதோ அங்கேயே நின்றுவிடும்.

பழுதை இனங்காணல்

டாஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன் செவியும் கையும் கொண்டு அறியக்கூடியவை பல. இவ்வறிதலே பணியின் பாதி எனலாம். தவறான உறுப்பை மாற்றியபின் அதே டாஷ்போர்டை இரண்டாம் முறை கழற்றுவோர் அதனைத் தவிர்த்தவர்களே.

விசிறியின் உச்ச வேகம் மட்டும் வேலைசெய்து மற்ற வேகங்கள் வேலைசெய்யாவிட்டால் பழுது மடல்களில் இல்லை. விசிறியின் மின்தடையத்தில் உள்ளது. குறைந்த வேகங்களில் மின்னோட்டம் அம்மின்தடையம் வழியாகச் செல்லும். உச்ச வேகத்தில் அதனைத் தவிர்த்து நேரே செல்லும். விசிறி நன்றாக இயங்கும் ஓசை கேட்டும் காற்று குறைவாக வந்தால், முதலில் பார்க்கவேண்டியது வடிகட்டி. தூசும் இலைச் சருகும் அடைத்த வடிகட்டியும், எலி கூடு கட்டிய ஊதுவிசிறியும் நம் ஊர்களில் அரிதல்ல.

வண்டியைத் துவக்கியவுடன் டாஷ்போர்டின் உள்ளிருந்து "டக், டக்" என்ற ஓசை சில நொடிகள் ஒலித்து அடங்குமாயின், ஆக்சுவேட்டரின் பற்சக்கரத்தில் பல் உடைந்திருக்கக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டி மடலை அதன் எல்லைவரை கொண்டுசெல்ல முயல, உடைந்த பல்லிடத்தில் சக்கரம் நழுவி நழுவித் திரும்பும் ஓசையே அது. ஒரு பக்கம் குளிர்ந்தும் மறுபக்கம் சூடாகவும் காற்று வந்தால், இரட்டை வெப்பநிலை கொண்ட வண்டியில் ஒரு பக்கத்துக் கலப்பு மடல் நின்றுவிட்டது எனலாம். ஆனால் குளிர்பதன வாயு குறைந்த வண்டியிலும் இதே குறி தோன்றக்கூடும்.

மேட்டில் ஏறும்போதோ வேகம் கூட்டும்போதோ காற்று முகத்தை விட்டுக் கண்ணாடிக்குத் தாவினால் அது வெற்றிடக் கசிவு. முடுக்கியை அழுத்தும்போது உள்ளிழுப்புக் குழலில் வெற்றிடம் குறையும். அவ்வேளையில் சேமிப்புக் கலனில் உள்ள வெற்றிடத்தைக் காத்து நிற்கவேண்டிய ஒருவழி வால்வு கசிகின்றது என்று பொருள். இறுதியாக, குமிழ் தடையின்றி வெறுமனே சுற்றுமாயின் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது குமிழின் அடித்துளை வெடித்திருக்கலாம். குமிழை உருவிவிட்டு அதன் தண்டைக் குறடால் மெல்லத் திருப்பினால் எது என்பது உடனே தெரியும்.

வீட்டில் சரிசெய்தல்

எந்தப் பணிக்கும் முன்னர் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு குறிக்கும் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். டாஷ்போர்டினுள் காற்றுப்பைகள் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றிய பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்னூட்டம் நிற்கும். மஞ்சள் நிற உறையும் இணைப்பியும் கொண்ட கம்பிகள் பொதுவாகக் காற்றுப்பைக்கு உரியன. அவற்றில் மல்டிமீட்டரையோ சோதனை விளக்கையோ வைத்தல் கூடாது. கூலன்ட் குழாயைச் சூடாக இருக்கும்போது தொடுவதும், குளிர்பதனக் குழாயின் இணைப்பைத் தளர்த்துவதும் வீட்டுப் பணியில் சேரா.

கழன்ற கேபிளை மாட்டுவது எளிது. அதனைச் சரியான நிலையில் மாட்டுவதே திறன். குமிழை மிகுகுளிர் முனைக்குத் திருப்பி, மடலைக் கையால் அதே முனைக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னரே உறையைக் கவ்வியில் பதிக்கவேண்டும். இவ்வாறு செய்யாவிட்டால் மடல் முழுமையாக அடைபடுமுன் குமிழ் தன் எல்லையைத் தொட்டுவிடும். வெப்பக் கசிவு தொடரும். கவ்வி உடைந்து உறை வழுக்கினால், உள்ளே கம்பி நகர்ந்தும் மடல் நகராது. கேபிளே அறுந்துவிட்டது என்று பலர் தவறாக முடிவு செய்வது இந்நிலையில்தான்.

ஆக்சுவேட்டரை மாற்றும்போது பழையதைக் கழற்றியவுடன் புதியதைப் பொருத்துதல் பெரும் பிழை. முதலில் மடலின் தண்டை விரலால் முழு வீச்சுக்கும் திருப்பிப் பார்க்கவேண்டும். மடல் இறுகியிருந்தால் பற்சக்கரம் உடைந்தது விளைவே அன்றிக் காரணம் அன்று. புதிய ஆக்சுவேட்டரும் அவ்வாறே உடையும். டாஷ்போர்டின் மேற்புறக் கண்ணாடிக் காற்றுவாய் வழியாக விழுந்த நாணயமோ பேனா மூடியோ மடலின் இடுக்கில் சிக்கியிருப்பது உண்டு. இரு ஆக்சுவேட்டர்கள் ஒரே வகையாக இருப்பின் அவற்றை இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை: பழுது உடன் இடம்மாறினால் ஆக்சுவேட்டர் பழுது, மாறாவிடில் மடலிலோ கம்பியிலோ பழுது. புதியதைப் பொருத்தியபின் பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி மடலின் இரு எல்லைகளையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பி, ஓரிரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் விட்டால் சில வகைகளில் இது தானே நிகழும். சிலவற்றில் பட்டறையின் கண்டறி கருவி தேவை.

விசிறியின் மின்தடையம் பெரும்பாலும் காற்றுப்பெட்டியின் உள்ளேயே, விசிறிக்கு அருகில் இருக்கும். ஓடும் காற்று அதனைக் குளிர்விக்கவேண்டும் என்பதே காரணம். அடைபட்ட வடிகட்டியும் இறுகிய விசிறியும் அதனை எரிக்கும். ஆதலால் மின்தடையத்தை மட்டும் மாற்றி வடிகட்டியை விட்டுவைத்தல் பயன் தராது. அதிலுள்ள வெப்ப உருகி அறுந்திருந்தால் கம்பியால் இணைத்துவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. இதனை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. விசிறியின் மின்னோட்டம் பல ஆம்பியர் அளவினது. அந்த உருகி நெகிழிப் பெட்டிக்குள் தீப்பற்றாமல் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது.

வெற்றிடக் கசிவுக்குச் செவியே முதற் கருவி. இயந்திரம் ஓடும்போது "உஸ்" என்ற ஓசை வரும் திசையைத் தேடவேண்டும். கைப்பம்பு கிடைத்தால் ஒவ்வொரு சிமிழையும் தனித்தனியே இழுத்துப் பார்க்கலாம். நல்ல சிமிழ் வெற்றிடத்தை ஒரு நிமிடமேனும் இழக்காமல் நிறுத்தும். இயந்திர அறையின் வெப்பத்தில் குழாய்கள் வெடிப்பது வழக்கம். வெடித்த முனையை வெட்டிவிட்டு ரப்பர்க் குழாய்த் துண்டால் இணைத்தால் போதும்.

காற்றுவாயின் தட்டுகள் ஒன்றாகத் திரும்பாமல் ஒன்று மட்டும் தொங்கினால், அவற்றைப் பின்னால் இணைக்கும் மெல்லிய சட்டம் கழன்றிருக்கும். துணி சுற்றிய நெகிழி நெம்பியால் காற்றுவாயை முழுதாக வெளியே எடுத்துச் சட்டத்தை மாட்டவேண்டும். உலோகத் திருப்புளி டாஷ்போர்டில் அழியாத வடுவை விட்டுச்செல்லும். தட்டின் காது உடைந்திருந்தால் உடனடிப் பசை பெரும்பாலும் ஏமாற்றும். இவ்வகைத் தட்டுகளுக்குப் பயன்படும் சில நெகிழிகளில் அப்பசை பிடிப்பதில்லை. சூடாக்கிய மெல்லிய கம்பித் துண்டை உடைந்த இடத்தில் ஊன்றிப் புதிய காதாக்குவது உறுதியானது. இறுகிய தட்டுகளுக்குச் சிலிக்கன் தெளிப்பு ஏற்றது. இயந்திர எண்ணெய் தூசை இழுத்து மீண்டும் இறுக்கும்.

காற்றுவாய்களிலிருந்து கரிய துகள்கள் பறந்து வந்தால், மடல்களின் விளிம்பில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு மட்கிவிட்டது என்பது பொருள். பஞ்சு போன மடல் அடைபட்டும் கசியும். மடலைக் கை எட்டும் வண்டிகளில் அலுமினியப் பட்டையையும் புதிய நுரையையும் ஒட்டுவர். எட்டாத வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதும் இறங்கவேண்டும். மடலே முறியும் சில வகைகளுக்கு, பெட்டியைச் சிறிது வெட்டித் திறந்து உலோக மடலைச் செருகும் மாற்றுமுறை வட அமெரிக்காவில் உள்ளது. ஓரிரு வார இறுதிகளை இதற்கெனக் கொடுக்க இயலாதோர் இந்நிலையில் பட்டறையை நாடுவதே நன்று.

மறுசுழற்சி மடலின் பழுது

இம்மடலின் பழுது எளிதில் கண்ணுக்குத் தெரியாததால் தனியே குறிப்பிடத்தக்கது. வெளிக்காற்றுப் பக்கமாக நின்றுவிட்டால் புகையும் தூசும் உள்ளே வரும். நண்பகலில் குளிர் போதாது. உட்காற்றுப் பக்கமாக நின்றுவிட்டால் ஏசி முன்னிலும் நன்றாகக் குளிர்வதுபோல் தோன்றும்; ஆகையால் எவரும் முறையிடுவதில்லை. ஆனால் நால்வர் அமர்ந்து செல்லும் நெடும்பயணத்தில் உள்ளறையின் கரியமில வாயு ஏறிக்கொண்டே போய் ஓட்டுநருக்கு அயர்வைத் தரும்; மழையில் கண்ணாடி தெளியாது. விசிறியை உயர் வேகத்தில் வைத்துப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தும்போது காற்றின் இரைச்சல் தெளிவாக மாறவேண்டும். உட்காற்று நிலையில் இரைச்சல் மிகும். மாறாவிட்டால் மடல் நகரவில்லை.

மின்தானுந்துகளில்

மின்தானுந்துகளிலும் மடல்களும் ஆக்சுவேட்டர்களும் 12 வோல்ட்டிலேயே இயங்குவதால் மேற்கூறிய சோதனைகள் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் இயந்திர வெப்பம் இல்லாத அவ்வண்டிகளில் காற்றைச் சூடாக்கும் மின்சூடேற்றி, வண்டியை ஓட்டும் உயர் மின்னழுத்தத்திலேயே வேலை செய்யக்கூடும். ஆரஞ்சு நிற உறை கொண்ட கம்பி தென்படும் இடத்தில் வீட்டுப் பணியை நிறுத்திவிட வேண்டும். 2017 இல் வந்த டெஸ்லா மாடல் 3 இன் முன்புறக் காற்றுவாய்க்குக் கையால் திருப்பும் தட்டுகளே இல்லை. ஒன்றன்மீது ஒன்றாக வீசும் இரு காற்றோட்டங்களின் அளவை மாற்றி அதன் திசை திரையிலிருந்தே கட்டுப்படுத்தப்படுகின்றது.